இளவரசியா, இளவரசியையா? குழந்தைக் கதைகளில் ஒளிந்திருக்கும் ஆண்-பெண் செய்திகளைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இளவரசிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, கூடாதா? சொல்லலாம். நாம் நிறுத்தினாலும் டிவி நிறுத்தாது. ஸ்கூல் பை, பென்சில் டப்பா, பிறந்தநாள் கேக் என்று எங்கும் இளவரசி இருக்கிறாள். ஆனால் சொல்வதற்கு முன்பு ஒருமுறை கதையைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். அரிசியைக் கொட்டிவிடச் சொல்லவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 4 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்: அங்கன்வாடிப் பணியாளர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், மகனும் மருமகளும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட பேரப்பிள்ளைகளை வளர்க்கிற ஆயாக்கள். இந்த இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. குழந்தைத் திருமணத்தை அதிகாரிகள் தடுத்து நிறுத்திய செய்தி இரு மாவட்டங்களிலிருந்தும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததும் ‘சுபம்’ போடுகிற கதை வேறெங்காவது வெறும் கதையாக இருக்கலாம். இங்கே சில பிள்ளைகளுக்கு அது அக்காவின் சேதி.

தேவையானவை: 300 முதல் 500 சொல்லுக்குள் ஒரு கதையின் நகல், நான்கு கலர் பென்சில், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. கதையைப் பிரித்துப் பார்க்க 40 நிமிடம், மாற்றி எழுத ஒரு மணி நேரம், சொல்ல 35 நிமிடம்.

படி 1: கையில் இருப்பது எந்த வடிவம்?

‘மூலக்கதையை மாற்றலாமா, அது தப்பில்லையா?’ என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. இந்தக் கதைகளுக்கு ஒற்றை மூலம் என்று ஒன்று கிடையாது. சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியும் 1697-இல் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ எழுதிய வடிவத்தில் வருபவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட வடிவத்தில் தேவதையே இல்லை. அம்மாவின் சமாதிமேல் வளர்ந்த மரமும் பறவைகளுமே உதவுகின்றன. இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே, 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில், மீன் உதவி செய்ய, தொலைந்த செருப்பால் அரசனை அடையும் யே ஷியன் கதை எழுதப்பட்டுவிட்டது.

கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே போனார்கள். 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய்; 1819-இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கதையில் இளவரசன் முத்தம் கொடுப்பதும் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் தடுமாற, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் எழுகிறாள். முத்தம் 1937-இல் டிஸ்னி திரைப்படம் கொடுத்தது. தவளை இளவரசன் கதையிலும் முத்தம் கிடையாது. கடுப்பான இளவரசி தவளையைச் சுவரில் வீசி அடிக்கிறாள், அப்போதுதான் அது மனிதனாகிறது. காலத்துக்கேற்ப மாற்றியவர்கள் பெரிய பெயர்களோடு இருக்கிறார்கள். நீங்கள் மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நம் பக்கத்து வடிவங்களையும் தேடுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் ஏராளம். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அறிஞர் ஏ. கே. ராமானுஜன் கவனப்படுத்திய கன்னட நாட்டுப்புறக் கதை ஒன்றில் ஹஞ்சி என்ற பெண் மண் ஓட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். சிண்ட்ரெல்லாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். ஆனால் இவள் கதை கல்யாணத்தோடு முடிவதில்லை. பெரிய சோதனையே அதற்குப் பிறகுதான். பெண்கள் பெண்களுக்குச் சொல்லிவந்த பல கதைகள் இப்படித்தான். தாலி கட்டின மறுநாள் என்ன ஆகும் என்பது சொல்கிறவளுக்குத் தெரியும் அல்லவா?

படி 2: கோடு போடுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு நல்ல சல்லடையைக் கொடுத்திருக்கிறது. எழுவாய், செயப்படுபொருள் என்று பள்ளியில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

கதையின் நகலில் இளவரசியைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லையும் (மகள், அவள், பெயர் எல்லாம் சேர்த்து) தேடுங்கள். அவள் எழுவாயாக நின்று ஒரு வேலையைச் செய்தால் பச்சை வட்டம். ‘இருந்தாள்’, ‘அழுதாள்’, ‘தூங்கினாள்’, ‘காத்திருந்தாள்’ போன்றவை என்றால் மஞ்சள் வட்டம். ‘ஐ’ உருபு ஏறி ‘இளவரசியை’, ‘அவளை’ என்று வந்தால் சிவப்புக் கோடு. யார் வாய் திறந்து பேசினாலும் அங்கே நீலப் புள்ளி, ஓரத்தில் பேசியவரின் முதல் எழுத்து.

ஒரு மாதிரி. எங்கும் கேட்கிற எலும்புக்கூட்டை வைத்து நாமே எழுதியது:

“ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு மகள். அவள் பால் போல் வெள்ளையாக, நிலா போல் அழகாக இருந்தாள். ஒருநாள் அரக்கன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ‘என் மகளை மீட்டு வருபவனுக்கு அவளையும் பாதி நாட்டையும் தருவேன்’ என்று ராஜா தண்டோரா போட்டார். ஒரு இளவரசன் குதிரையேறிப் போனான். அரக்கனைக் கொன்றான். இளவரசியைக் கூட்டி வந்தான். ராஜா அவளை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். இருவரும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்.”

எண்ணிப் பாருங்கள். சிவப்புக் கோடு 5: இளவரசியை, மகளை, அவளையும், இளவரசியை, அவளை. மஞ்சள் 1: இருந்தாள். பச்சை ஒன்றுகூட இல்லை. ‘இருவரும் வாழ்ந்தார்கள்’ என்பதில் பாதிப் பங்கு வேண்டுமானால் கொடுக்கலாம். நீலப் புள்ளி ஒன்றே ஒன்று, அது ராஜாவுடையது. இளவரசனோ போனான், கொன்றான், கூட்டி வந்தான். கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்: அவளை, அவனுக்கு. அவள் பொருள், அவன் பெறுகிறவன். ‘அவளையும் பாதி நாட்டையும்’ என்று ஒரே ‘உம்’ போட்டு நிலத்தோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருக்கிறது கதை. ‘இளவரசி அடிமையாக இருந்தாள்’ என்று எந்த வரியும் சொல்லவில்லை. வேற்றுமை உருபு சொல்லிவிட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாவிட்டாலும் ‘ஐ’ எப்போது போடுவது என்று காது நன்றாகவே பழகியிருக்கும்.

கைக்கு எளிதாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு பச்சையைவிட அதிகமாக இருந்தால் கதையை அப்படியே சொல்ல வேண்டாம், படி 4-க்குப் போங்கள். இது எங்கள் வேலைக்கான அளவுகோல், விஞ்ஞானம் அல்ல. பெண் எழுவாயாக நிறைய வந்தும் எல்லாம் ‘பெருக்கினாள், துடைத்தாள், சமைத்தாள்’ என்றே இருந்தால் பச்சை ஏமாற்றும். அப்போது வினைகளைத் தனியே எழுதி, எந்த வினையால் கதை திரும்புகிறது என்று பாருங்கள். சிண்ட்ரெல்லா நூறு வேலை செய்கிறாள். அதில் ஒன்றாலும் கதை நகர்வதில்லை.

திரைப்படத்துக்கும் இதே சோதனை செய்யலாம். பேச்சை மட்டும் கடிகாரம் வைத்துக் கணக்கிடுங்கள். டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை மொழியியலாளர்கள் கார்மன் ஃபாட்டும் கேரன் ஐசன்ஹவரும் எண்ணி 2016-இல் சொன்ன கணக்கு வேடிக்கையானது: 1989-இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ என்ற கடற்கன்னிப் படத்தில் பேச்சில் 68 சதவீதம் ஆண்களுடையது. பெண் வாளேந்திப் போருக்குப் போகும் 1998-ஆம் ஆண்டு ‘முலான்’ படத்திலும் 77 சதவீதம் ஆண்களே பேசுகிறார்கள். நாயகி வீராங்கனை, ஆனால் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ஆண்கள்.

படி 3: கண்ணில் படாமல் போகிறவை

கோடு போட்டு முடித்ததும் இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள்.

மரியாதை விகுதி. மேலே உள்ள மாதிரியில் ராஜா ‘இருந்தார்’, ‘போட்டார்’. ராணி வந்திருந்தால் ‘சொன்னாள்’ என்றுதான் எழுதியிருப்போம். தமிழ் போன்ற மொழிகளில் கிடைக்கும் செய்தி இது. ஆங்கிலப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ராஜாவுக்கு ‘ஆர்’ போட்டால் ராணிக்கும் போடுங்கள். அல்லது பழைய ஆயாக்கள் சொல்வதுபோல இருவருக்கும் இல்லாமல் சொல்லுங்கள்.

நிறம். ‘செக்கச் செவேல்னு அழகா’ என்ற தொடரில் நிறமும் அழகும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதே கதையில் சூனியக்காரி கறுப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் பெரும்பாலோர் எந்த நிறம் என்று ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தால் போதும். ‘கறுப்பா இருந்தாலும் அழகு’ என்று திருத்தாதீர்கள், அந்த ‘இருந்தாலும்’ இன்னும் மோசம். நிறத்தையே எடுத்துவிடுங்கள்.

சித்தி. மாற்றாந்தாய்க்குத் தமிழில் ‘சித்தி’ என்றே பல புத்தகங்கள் போடுகின்றன. அம்மாவின் தங்கையும் சித்திதான். அம்மா ஓசூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகும் வீட்டில் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அந்தச் சித்தியாக இருக்கலாம். கொடுமைக்காரி பாத்திரத்துக்குப் பெயர் வையுங்கள், உறவுமுறை வேண்டாம். தனியாக வாழும் கிழவி என்றாலே சூனியக்காரி என்பதும் இதே ரகம். அப்படித் தனியாக வாழும் ஆயாக்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வயது. தூங்கும் அழகி கதையின் கிரிம் வடிவத்தில் நூல் நூற்கும் கதிர் குத்தித் தூங்கிப்போகிறவளுக்கு வயது 15. கண்ணாடி ‘ஸ்னோ ஒயிட்டே அழகி’ என்று ராணியிடம் சொல்லும்போது அவளுக்கு 7. தமிழ்ப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் ‘பருவம் அடைந்தாள்’ என்று ஒரு வரி போட்டு அடுத்த வரியில் கல்யாணம் வைத்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் நம் மாவட்டத்தின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. கதைக்குள் சட்டத்தை ஓத வேண்டாம். ‘அவளுக்கு இருபது வயசு’ என்று போகிற போக்கில் ஒரு வரி போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சம்மதம். தூங்குகிறவளை, மயங்கிக் கிடப்பவளைத் தொடுவது பரிசுபோல வருகிறதா? மூன்று வயதிலிருந்து ‘கேக்காம யாரும் தொடக் கூடாது’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கதையில் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

படி 4: மாற்றிச் சொல்லுதல்

ஒரு கதையில் மூன்று மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் மாற்றினால் கதையின் எலும்பு முறிந்துவிடும்; பிள்ளைகள் ‘இது அந்தக் கதை இல்ல’ என்று எழுந்து போவார்கள். ஏழு கடல், ஏழு மலை, மூன்று முறை கேட்பது, திரும்பத் திரும்ப வரும் வரி எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டிய மூன்று இடங்கள்: அவளுக்கு அழகுக்குப் பதில் ஒரு கைவேலை, நடுவில் அவள் எடுக்கும் ஒரு முடிவு, கடைசியில் யாரிடம் கேட்கப்படுகிறது என்பது.

அரக்கனின் உயிர் கிளிக்குள் இருக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் எங்கே என்ற ரகசியத்தை அரக்கனிடமிருந்தே கறப்பது அடைபட்டுக் கிடக்கும் பெண்தான். ஆபத்தான வேலை முழுவதும் அவளுடையது. புத்தகங்கள் அதை ஒரு வரியில் முடித்துவிட்டு இளவரசன் மரம் ஏறுவதை இரண்டு பக்கம் எழுதும். அந்த அளவைத் திருப்பிப் போட்டு, மேலே சொன்ன மூன்று மாற்றத்தையும் சேர்த்தால் போதும். மேலே உள்ள மாதிரி இப்படி ஆகும்:

“ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா. அவருக்கு ஒரு மக. இருபது வயசு. எந்தப் பூட்டையும் திறந்துடுவா. ஒருநாள் அரக்கன் வந்து அவளைத் தூக்கிட்டுப் போயிட்டான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி. அவ அழுதா. அழுது முடிச்சதும் சுத்திமுத்திப் பாத்தா. பூட்டைத் திறந்து ஓடலாம், ஓடினா புடிச்சுடுவான். ராத்திரி அரக்கன் வந்தான். ‘இவ்ளோ பெரிய ஆளா இருக்கீங்களே, உங்க உசுரு எங்க இருக்கு?’ன்னு கேட்டா. மொத நாளு பொய் சொன்னான். ரெண்டாம் நாளு பொய் சொன்னான். மூணாம் நாளு உளறிட்டான்: ஆலமரத்துப் பொந்துல கூண்டு, கூண்டுக்குள்ள கிளி, கிளிக்குள்ள உசுரு. அவ சேதி எழுதி காக்கா கால்ல கட்டி அனுப்பினா. இளவரசன் வந்தான், மரம் ஏறினான், கூண்டை எடுத்தான். பூட்டு திறக்கல! அவ வந்து திறந்தா. ராஜா கேட்டாரு: ‘தம்பி, பாதி நாட்டைத் தர்றேன், இவளையும் கட்டிக்கிறியா?’ இளவரசி சொன்னா: ‘நாடு உங்களது, குடுங்க. என்னைப் பத்தி என்னைக் கேளுங்க.’ இளவரசன் சொன்னான்: ‘எனக்கு நாடு வேணாம். அந்தப் பூட்டுத் திறக்குற வித்தையைச் சொல்லிக்குடுங்க.’”

இதில் சிவப்பு 4, பச்சை 6-க்குக் குறையாது. இளவரசனையும் கோமாளி ஆக்கவில்லை. மரம் ஏறினது அவன்தான். ஆரம்பத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில். பெண்ணை உயர்த்துகிறோம் என்று ஆண்களை எல்லாம் மக்குகளாக்கினால் பையன்கள் பத்து நிமிடத்தில் கதையை விட்டு வெளியேறிவிடுவார்கள், செய்தியும் கூடவே போய்விடும். இன்னொரு தவறு வாள். இளவரசி கையில் வாளைக் கொடுத்துப் பத்துப் பேரை வெட்ட வைத்து, ‘எனக்குக் கோலம் போடுறது புடிக்காது’ என்று வசனமும் கொடுப்பது. பெண்கள் செய்கிற வேலை மட்டம் என்ற பழைய செய்தியே புது உடுப்பில் வந்து நிற்கிறது. அழ வேண்டிய இடத்தில் அவளை அழ விடுங்கள். பையனையும்.

முடிவில் கல்யாணமே இருக்கக் கூடாதா? இருக்கலாம். ‘யோசிச்சு சொல்றேன்’ என்று அவள் சொல்லும் ஒரு வரி நடுவில் வந்தால் கதை கெட்டுப்போகாது. ‘அவள் நன்றாகப் படித்து கலெக்டர் ஆனாள்’ என்று மட்டும் ஒட்டாதீர்கள். கதைக்குள் அதற்கு ஒரு விதையும் போடாமல் கடைசி வரியில் ஒட்டினால், அது அரசு விளம்பரம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கே தெரியும்.

கையில் புத்தகம் இல்லாதவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுக்கலாம். மூல எழுத்தாளர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றி எழுதவும் அச்செடுக்கவும் அதன் உரிமத்தில் அனுமதி உண்டு.

நம் ஊர்க் கதை ஒன்று கையிலேயே இருக்கிறது: தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானும் ஔவையும். நெல்லிக்கனியை எல்லாரும் சொல்வார்கள். அதியமானுக்காக ஔவை தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போன கதையைச் சொல்லிப் பாருங்கள். புறநானூறு 95-இல் தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மயில்பீலி சூட்டி, காவல் வீட்டில் பளபளவென்று இருக்கின்றன. அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்வதுபோல ஒரு குத்தல். அழகு இல்லை, கல்யாணம் இல்லை, அரசவையில் ஒரு பெண்ணின் வாய் மட்டும். அதியமான்கோட்டையைப் பஸ்ஸில் கடந்து போகிற பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. ஒரு எச்சரிக்கை: படத்தில் கூன் விழுந்த பாட்டியை வரையாதீர்கள். ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர். அதியமானோடு இருந்த ஔவையைப் புறநானூறு 89 ‘வாள்நுதல் விறலி’ என்று, ஒளிவீசும் நெற்றியுடைய பெண்ணாகவே விளிக்கிறது. அறிவுள்ள பெண் என்றால் நரைத்த பெண் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள நாம் காரணமாக வேண்டாம்.

அல்லி அரசாணி கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்காதீர்கள். தனியே நாடாண்டவள் என்பது சரிதான், ஆனால் அர்ச்சுனன் அவளை அடைவது வஞ்சகத்தால். ஏழாம் வகுப்புக்கு மேல் என்றால் அந்த வஞ்சகத்தையே பேச்சுப் பொருளாக்கலாம்.

படி 5: சொல்லும் நாள்

பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகள், வட்டமாக. ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம் என்று பழகியிருந்தால் கலந்து உட்கார வையுங்கள். முதல் 12 நிமிடம் கதை மட்டும், நடுவில் கேள்வி கிடையாது, ‘உம்’ கொட்டட்டும். பிறகு 15 நிமிடம் பேச்சு, மிச்சம் படம் வரைதல்.

பேச்சுக்குப் புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. ஒரு தடவை பேசினால் ஒன்றைக் கிண்ணத்தில் போட வேண்டும். தீர்ந்தால் கேட்க மட்டும்தான். இதைச் செய்யாவிட்டால் முன்னால் உட்கார்ந்த மூன்று பையன்களே எல்லாப் பதிலையும் சொல்லி முடிப்பார்கள். பெண்பிள்ளை பேச வேண்டும் என்று கதை சொல்லிவிட்டு அந்த வகுப்பிலேயே அவர்கள் பேசாமல் போனால் எப்படி? கடைசியில் யார் கையில் எத்தனை கொட்டை மிச்சம் என்று நோட்டில் குறித்துவையுங்கள்.

‘பொண்ணுங்களுக்கு அழகு முக்கியமா அறிவு முக்கியமா?’ என்று கேட்டால் ‘அறிவு டீச்சர்!’ என்று கோரஸாக வரும். அவர்கள் உங்கள் முகத்தைப் படித்துச் சொல்லும் பதில் அது. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியைக் கேளுங்கள். ‘இந்தக் கதையில பேசவே பேசாத ஆளு யாரு?’ ‘மூணாம் நாளும் அரக்கன் பொய் சொல்லியிருந்தா அவ என்ன செய்வா?’ ‘கல்யாணத்துக்கு மறுநாள் காலையில அந்த வீட்ல யாரு மொதல்ல எழுந்திரிச்சிருப்பாங்க?’ கடைசிக் கேள்விக்கு வருவது கதையிலிருந்து வராது, வீட்டிலிருந்து வரும். திருத்தாமல் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது ‘எங்க அக்காவுக்கும் கல்யாணம், பத்தாவது படிக்குது’ என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். வகுப்பில் அதை நோண்டாதீர்கள், முகத்தையும் மாற்றாதீர்கள். பிறகு தலைமையாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் பேசலாம். சொன்னது எந்தப் பிள்ளை என்று ஊருக்குள் கசியக் கூடாது. கசிந்தால் அடி வாங்குவது அந்தப் பிள்ளைதான்.

வீட்டில் கன்னடமோ தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை அந்த மொழியிலேயே கதையைத் திருப்பிச் சொல்லட்டும். பள்ளித் தமிழில் சொல்லச் சொன்னால் நம் வாக்கியத்தைத்தான் ஒப்பிக்கும். வீட்டு மொழியில் சொல்லும்போதுதான் கதையில் எது அதற்குள் போயிருக்கிறது என்று தெரியும்.

படி 6: வேஷம் கட்டுதல்

பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். விட்டால் சிவந்த பெண் இளவரசி, கறுத்த பெண் சூனியக்காரி, உயரமான பையன் ராஜா என்று அரை நிமிடத்தில் பிரித்துக்கொள்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் பிரிப்போம், வாயால் சொல்லாமல்.

சீட்டில் பையனுக்கு இளவரசி வந்தால் சிரிப்பு வெடிக்கும். இதற்கு நம் பக்கத்தில் பதில் தயாராக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண்தானே? ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது, யாரும் சிரிப்பதில்லை. ‘கூத்துல கட்டுறாங்களே, அந்த மாதிரி’ என்றால் சிரிப்பு அடங்கி, நடை எப்படி, குரல் எப்படி என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவேளை பையன் இளவரசியாக வந்ததும் இடுப்பை ஒடித்து, குரலைக் குழைத்து நடித்தால் நிறுத்தி ஒன்று கேளுங்கள்: ‘உங்கம்மா இப்படியா நடப்பாங்க?’

படி 7: பையன்களுக்குப் போகும் செய்தி

பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இளவரசனுக்குப் பெரும்பாலான கதைகளில் பெயர்கூடக் கிடையாது. பயப்படக் கூடாது, தோற்கக் கூடாது, ஜெயித்தால் பெண் கிடைக்கும். தோற்ற இளவரசர்கள் என்ன ஆனார்கள்? முள்வேலியில் சிக்கிச் செத்தார்கள் என்று தூங்கும் அழகி கதையின் கிரிம் வடிவம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அவர்களில் ஒருவனுக்குப் பெயர் வைத்து, பாதியில் பயந்து திரும்பி வருகிற கதையைப் பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள். இரண்டு வகுப்பு நேரம் பிடிக்கும். பையன்கள் இதில்தான் அதிகம் பேசுவார்கள்.

படி 8: வீடு

‘பிங்க் கவுன் கேக்கறா, வாங்கிக் குடுக்கலாமா?’ என்று அம்மாக்கள் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காய்ன் குழு 198 மழலையரைப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இளவரசிகளில் அதிகம் மூழ்கிய பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து ‘பெண் என்றால் இப்படி’ என்ற வழக்கமான நடத்தையை அதிகம் காட்டினார்கள். அதே குழு, வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் படம் மாறியிருந்தது: சிறு வயதில் இளவரசிகளை விரும்பியவர்கள் பத்துப் பதினோரு வயதில் ஆண்-பெண் சமத்துவத்தை அதிகம் ஏற்றவர்களாக இருந்தார்கள். கவுன் யார் வாழ்க்கையையும் முடித்துவிடாது. கவலைப்பட வேண்டிய வயது வேறு. 2017-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதில் ‘ரொம்ப ரொம்ப புத்திசாலி’ யார் என்றால் பெண்பிள்ளைகள் பெண்ணையும் பையன்கள் ஆணையும் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண்பிள்ளைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புச் சேரும் வயது. முன்பே சொன்ன கைவேலை மாற்றம், பூட்டுத் திறக்கும் இளவரசி, அந்த வயதுக்குத்தான்.

ஆயாவின் கதையைத் திருத்தப் போகாதீர்கள். ‘அப்படிச் சொல்லக் கூடாதாம், டீச்சர் சொன்னாங்க’ என்று பேத்தி போய்ச் சொன்னால் அதோடு அந்த வீட்டில் கதை நின்றுவிடும். ஆயாவோ அவ்வாவோ அஜ்ஜியோ, அவரிடம் ஒரு கதையைக் கேட்டு வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுங்கள். கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: ‘அப்புறம் அவ என்ன செஞ்சா?’ செல்போனில் பதிவு செய்ய முடிந்தால், மிக்ஸி ஓடாத நேரத்தில், போனைப் பக்கத்தில் தரையில் வைத்து. திருப்பிப் போட்டுக் கேட்டுக் கதையை எழுதி, அதற்கும் நான்கு கலரில் கோடு போடுங்கள். புத்தகக் கதையின் தாளை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, இரண்டிலும் பச்சையை எண்ணிப் பிள்ளைகளே சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து அதே நோட்டை எடுத்து, புளியங்கொட்டைக் கணக்கில் யார் கை காலியாகியிருக்கிறது என்று பாருங்கள்.